பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்

புது கார் வாங்கப் போகிறவரிடம், "டெலிவரிக்கு முன்னால் யார்டுக்குப் போய் வண்டியை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "புது வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது? கம்பெனியில் எல்லாம் செக் பண்ணித்தானே அனுப்புகிறார்கள்." முதல் கார் வாங்குபவரும் இதைச் சொல்கிறார், நான்காவது கார் வாங்குபவரும் இதையே சொல்கிறார். கூடவே வேறு சில சமாதானங்களும் வரும். வாரன்டி இருக்கிறது. சின்னக் குறை என்றால் முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். நமக்கென்ன மெக்கானிக் வேலையா தெரியும்? நல்ல நாளும் அதுவுமாகப் புதுப் பொருளில் குறை தேடலாமா? இவை எல்லாமே தவறு என்பதுதான் என் கட்சி. கதவு, பானெட், சக்கரம் ஆகியவற்றின் பொருத்தத்தில் வரும் குறைகளில் இந்த நம்பிக்கை மிகவும் கெடுதல் செய்கிறது. ஏனென்றால் அந்தக் குறைகளைக் காட்டி வேறு வண்டி கேட்கும் வலு வாங்குபவரிடம் மிகக் குறுகிய காலமே இருக்கிறது.

கம்பெனி பார்த்துத்தான் அனுப்புகிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பார்ப்பது உண்மை. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ லைனில் வேலை பார்த்த ஒருவரைக் கேட்டாலே சொல்வார். லைன் முடிகிற இடத்தில் மேலேயும் பக்கவாட்டிலும் விளக்குகள் வரிசையாக எரியும் பகுதியில் வண்டியை நிறுத்தி, பெயின்ட்டையும் கதவு இடைவெளிகளையும் கண்ணாலும் கேஜாலும் பார்ப்பார்கள். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், உருளைகளின் மேல் ஓடவிட்டு பிரேக் சோதனை, தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்க ஷவர். இத்தனையும் ஏன் செய்கிறார்கள்? வண்டியில் குறை வரும் என்று அதைச் செய்பவர்களுக்குத்தான் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதோடு விடுவதும் இல்லை. வண்டி டீலரிடம் வந்து இறங்கியதும் இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று நிறுவனமே பட்டியல் கொடுக்கிறது. பி.டி.ஐ. என்று ஷோரூமில் சொல்வது அதைத்தான். ஆலையில் நடந்த சோதனையே போதுமானால் அந்தப் பட்டியல் எதற்கு? தன் சோதனை மட்டும் போதாது என்று நிறுவனமே நினைக்கும்போது, பணம் கொடுப்பவர் மட்டும் போதும் என்று இருந்துவிடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

இந்தியாவில் இப்போது ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வண்டிகள் விற்கின்றன. ஆயிரத்தில் ஒன்றில்தான் குறை தப்பி வெளியே வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 4,000 குடும்பங்கள். ஆலைக்கு அது ஆயிரத்தில் ஒன்று. வாங்கியவருக்கு அது இருக்கிற ஒரே வண்டி, ஏழு வருடத் தவணை.

அடுத்து, ஆலையைவிட்டுக் கிளம்பிய வண்டி நேராக உங்கள் வாசலுக்கு வருவதில்லை. குருகிராமில் செய்த வண்டி சென்னைக்கு வர இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். டிரெய்லரிலோ சரக்கு ரயிலிலோ ஏற்றி, சரிவுப் பலகையில் இறக்கி, திறந்தவெளி யார்டில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி, அங்கிருந்து இன்னொரு யார்டுக்கு ஓட்டி என்று எத்தனையோ கைகள் மாறி வருகிறது. ஏற்றும்போது சக்கரம் ஒரு விளிம்பில் இடித்தால் போதும், ஆலையில் வைத்த அலைன்மென்ட் போய்விடும். பக்கத்து வண்டியின் கதவு இடித்தால் ஃபெண்டர் நசுங்கும். நசுங்கியதை டிங்கர் வேலை பார்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்துப் புது வண்டியாகவே கொடுப்பதும் நடக்கிறது.

இதைச் சந்தேகப் புத்தி என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1990-இல் ஒரு மருத்துவர் 40,000 டாலருக்கு மேல் கொடுத்துப் புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டியும் எந்தக் குறையும் அவர் கண்ணில் படவில்லை. மெருகேற்றக் கொடுத்த கடையில்தான் அதில் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் நிறுவனம் தன் நடைமுறையை ஒப்புக்கொண்டது. ஆலையிலோ வழியிலோ ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால், டீலருக்குக்கூடச் சொல்லாமல் புதிதாகவே விற்பது வழக்கம். அப்படி விற்ற வண்டிகள் 983. அதில் விதிக்கப்பட்ட தண்டத்தொகை மிக அதிகம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்ல, சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்காக அது ஆனது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது தண்டத்தொகை அன்று. உலகப் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் வகுத்து வைத்த கொள்கையாகவே இதைச் செய்தது, டீலருக்கே அது தெரியாது. "எங்கள் டீலர் நல்லவர், பொய் சொல்ல மாட்டார்" என்ற நம்பிக்கை அங்கே என்ன பயன் தந்திருக்கும்?

இனி, "இதெல்லாம் சின்ன விஷயம்" என்ற வாதம். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு பக்கம் இடைவெளி கொஞ்சம் அதிகம், அதனால் வண்டி ஓடாமல் போகுமா என்று கேட்கிறார்கள். ஓடும். ஆனால் அந்த இடைவெளி எதைச் சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். காரின் கூடு ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் இணைந்த ஒன்று. கதவு, பானெட், டிக்கி, முன் ஃபெண்டர் ஆகியவை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டப்படுபவை. பல ஆலைகளில் பெயின்ட் அடித்த பிறகு கதவைக் கழற்றி, உள்வேலை முடித்து மறுபடி மாட்டுகிறார்கள். ஆகவே இடைவெளி கோணலாக இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மாட்டியது கோணல் என்றால் கீலைத் தளர்த்தி நகர்த்தினால் சரியாகிவிடும். மாட்டப்பட்ட இடமே கோணல் என்றால், அதாவது தூணோ கதவின் சட்டமோ அளவு தப்பியிருந்தால், கீலை எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு மூலை சரியாகும்போது இன்னொரு மூலை கெடும். மேலே மூன்று மில்லிமீட்டர், கீழே ஆறு என்று ஆப்பு மாதிரி விரியும் இடைவெளியைக் கண்டால் இந்த இரண்டாவது வகையா என்று கேட்டே ஆக வேண்டும். விளைவுகளும் அழகோடு நிற்பதில்லை. ரப்பர் பீடிங் ஒரு பக்கம் அழுந்தாமல் போனால் நெடுஞ்சாலையில் காற்று இரையும். ஐப்பசி மழையில் கால் மிதியடி நனையும், டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கும். உலோகம் உரசி பெயின்ட் போன விளிம்பில், கடற்கரை ஊராக இருந்தால், துரு சீக்கிரமே பிடிக்கும்.

எல்லா இடைவெளியும் குறை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அனுமதித்த அளவு உண்டு. விலை குறைந்த வண்டியில் அது கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். பானெட் ஒரு பக்கம் தூக்கி நிற்பது சில சமயம் அடியில் உள்ள ரப்பர் குமிழைத் திருகினால் தீர்ந்துவிடும் ஐந்து நிமிட வேலை. ஆனால் "எல்லா வண்டியும் இப்படித்தான் சார் இருக்கும்" என்று ஷோரூமில் சொன்னால், அதற்குப் பதில் அதே யார்டில் நிற்கிறது. அதே மாடல் வண்டி இன்னொன்று பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் அதே அளவு இருந்தால் அவர் சொன்னது உண்மை. இல்லையென்றால் உங்கள் வண்டியில் மட்டும்தான் கோளாறு.

சக்கரப் பொருத்தத்தைப் பற்றிச் சொல்லப்படுவது இதைவிட ஆபத்தானது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால், "ஓட ஓட செட் ஆகிடும் சார், ஃபர்ஸ்ட் சர்வீஸில் அலைன்மென்ட் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். என் மைத்துனர் இந்த வார்த்தையை நம்பி வண்டியை எடுத்து வந்தார். முதல் சர்வீஸில் அலைன்மென்ட் போட்டார்கள். அதற்கடுத்த சர்வீஸிலும் போட்டார்கள். முன் டயர்களில் ஒன்றின் உள்விளிம்பு மொழுக்கென்று தேய்ந்த பிறகுதான், கோளாறு மெஷினில் திருத்தும் இடத்தில் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் டயரை யார் மாற்றுவது என்று ஒரு சண்டை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுக்கு டோ என்று பெயர். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் என்ற சஸ்பென்ஷன் வகைகள். இந்த அமைப்பில் அலைன்மென்ட் மெஷினில் நிறுத்தி வழக்கமாகத் திருத்த முடிவது முன் சக்கரங்களின் டோ ஒன்றைத்தான். கேம்பர், காஸ்டர், பின் அச்சு எதற்கும் திருத்துகிற ஏற்பாடு இராது. ஆலை வைத்தது வைத்ததுதான். அவற்றில் ஒன்று அளவு தப்பியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது சப்ஃபிரேமோ பின் அச்சோ இடம் பிசகி மாட்டப்பட்டிருக்கிறது. டோவைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொடுத்தால் நோய் அப்படியே இருக்க அறிகுறி மட்டும் மறையும். வண்டி ஓட ஓட எந்த இரும்பும் தானாக நேராவதில்லை. இப்போது நடுத்தர விலை வண்டிகளிலேயே முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து லேனைக் கவனித்து ஸ்டீயரிங்கைத் திருப்பும் வசதி வந்துவிட்டது. வண்டி தன் நேர்க்கோட்டில் போகிறது என்ற கணக்கில்தான் அந்தக் கேமரா வேலை செய்கிறது. பின் அச்சு கோணலான வண்டியில் அந்தக் கணக்கே பிசகும்.

வாரன்டி இருக்கிறதே என்பவர்கள் வாரன்டி புத்தகத்தைத் திறந்து, எவையெல்லாம் சேராது என்ற பக்கத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலான புத்தகங்களில் வீல் அலைன்மென்ட்டும் பாலன்ஸிங்கும் வழக்கமான பராமரிப்பு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். டயருக்குப் பொறுப்பு டயர் கம்பெனி. ஆக, கோணலும் சேராது, கோணலால் தேய்ந்த டயரும் சேராது. சேரும் குறையாக இருந்தாலும் வாரன்டி தருவது பாகத்தைச் சரிசெய்யும் உறுதியைத்தான். வண்டியை மாற்றித் தருவதாக எங்கும் எழுதியிருக்காது. மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பாகத்தில் குறை என்றால் பாகத்தை மாற்றலாம், அதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது. அமெரிக்க மாநிலங்களில் 1982 முதல் வந்த லெமன் சட்டங்களைப் போல, திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யும் தனிச் சட்டம் இங்கே இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அங்கே உற்பத்திக் குறை என்பதைச் சோதனை அறிக்கையோடு நிரூபிக்க வேண்டும். ஓடிய வண்டியின் சக்கரம் கோணல் என்றால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே, "எந்தப் பள்ளத்தில் இறக்கினீர்கள்?" என்பதுதான். நம் சாலைகளில் ஆறு மாதம் ஓடிய வண்டிக்கு அந்தக் கேள்வியை எப்படி மறுப்பது?

பார்க்கும் உரிமை சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றும் இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, வாங்குபவர் கேட்டால் பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்பை விற்பவர் தந்தாக வேண்டும் என்கிறது. அதே சட்டம், பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு குறை தெரிந்தால் பொதுவாக நஷ்டஈடு கேட்கலாமே தவிர பொருளை நிராகரிக்க முடியாது என்றும் சொல்கிறது. இன்னொரு கூர்மையும் அதில் இருக்கிறது. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு, பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற 16-ஆவது பிரிவின் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பார்த்தால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், கண்டதைத் தாளில் எழுதி ஒப்பம் வாங்க வேண்டும்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டெலிவரி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாநிலத்துக்குள் விற்கும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் கொடுக்க வேண்டியவர் டீலர். பதிவெண் பலகை மாட்டாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது. அதாவது டெலிவரி நாளில் நீங்கள் சாவியைத் தொடும்போது அந்த வண்டி ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கிறது. இன்வாய்ஸ் போட்டாயிற்று, இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று, விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான ஆயுள் வரி கட்டியாயிற்று, வங்கிக் கடனும் அதன்மேல் ஏறியாயிற்று. அந்த நேரத்தில் வேறு வண்டி கேட்டால் எந்த டீலரும் தர மாட்டார், பதிவான வண்டியை அவர் புதிதென்று இன்னொருவருக்கு விற்க முடியாது. சேஸி எண் ஒதுக்கிய பிறகு, இன்வாய்ஸ் போடுவதற்கு முன்னால், யார்டில் பார்க்க வேண்டும். அப்போது வேறு வண்டி கேட்டால் டீலருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, ஒரு எண்ணை மாற்றி எழுதினால் முடிந்தது.

நமக்கு என்ன தெரியும் என்று தயங்குபவர்களுக்கு: இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். பகல் வெளிச்சம், ஒரு டார்ச், ஒரு டேப் போதும். வண்டியைக் கழுவி நிறுத்தச் சொல்லுங்கள், தூசி எதையும் மறைத்துவிடும். முன் மூலையில் குந்தி உட்கார்ந்து, ஃபெண்டரிலிருந்து பின்கதவுவரை ஓடும் மடிப்புக் கோடு எங்காவது படியிறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டை மடித்து, அதே மடிப்பை இடக்கதவு இடைவெளியிலும் வலக்கதவு இடைவெளியிலும் விட்டுப் பாருங்கள். ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கக் கூடாது. நான்கு டயரிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒன்று மட்டும் வெகுவாக மாறியிருந்தால் அது மாற்றப்பட்ட டயர். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகளும் அப்படியே. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று கையால் தடவுங்கள்.

கொஞ்சம் ஓட்டியும் பார்க்க வேண்டும். பதிவாகாத வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்வார்கள். வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுவதற்காகவும்தான் டீலருக்கு டிரேடு சர்டிஃபிகேட் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுவதற்கு முன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். யார்டில் நிற்கும் வண்டிகளுக்குக் காற்று அதிகமாக அடைத்திருப்பார்கள், அதுவே வண்டியை இழுக்கலாம். நம் சாலைகள் இடப்பக்க ஓரத்துக்குச் சரிவதால் லேசான இடது இழுப்பு இயற்கை. சமமான இடத்தில், இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்து அதன் பிறகு முடிவு செய்யுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி, திருத்துவதற்கு முந்தைய அளவுகளை அச்சிட்ட தாளாகக் கேளுங்கள். வெளியில் அதற்குச் சில நூறு ரூபாய்தான். பத்து லட்சம் கொடுப்பவர் இதற்குக் கூச வேண்டியதில்லை. கை நடுங்குகிறது என்றால் உங்கள் பேட்டை மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், ஒரு மணி நேரத்துக்கு அவர் கூலியைக் கொடுங்கள்.

கடைசியாக, நல்ல நாள் பேச்சு. ஆயுத பூஜைக்கும் சித்திரை முதல் நாளுக்கும் வண்டி எடுக்க ஷோரூமில் வரிசை நிற்கிறது. மாலை, எலுமிச்சம்பழம், கேக், போட்டோ, அடுத்த குடும்பம் காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள், பார்த்தால் பெரியவர்கள் கோபிப்பார்கள். இந்தச் சடங்கில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் குறை பார்ப்பது அபசகுனம் என்பது நம் மரபே அன்று. மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கியவர்கள் சுழி பார்த்து, பல் பிடித்துப் பார்த்து, நாலு எட்டு நடக்க விட்டுக் கால் சாய்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பொட்டு வைத்தது அதற்கப்புறம். நாள் குறிப்பதற்கு முன் வண்டியைப் பாருங்கள், பார்த்துத் தேர்ந்த வண்டிக்கு நாள் குறியுங்கள்.

சேல்ஸ்மேனிடம் கத்துவதால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பையன் மாத இலக்கோடு ஓடுகிறவன், கோணல் அவன் செய்ததன்று. பேச்சு மேலாளரோடு, எழுத்தில் இருக்கட்டும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை. புது வண்டிப் பதிவு விண்ணப்பத்தோடு, வாங்குபவர் சேஸி எண்ணைச் சரிபார்த்து வண்டியை நேரில் சோதித்தார் என்று அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளையும் கட்டாயமாக்க வேண்டும். ஒழுங்கான டீலர் எவருக்கும் இதில் இழப்பு இல்லை. அது வரும்வரை, இன்வாய்ஸ் போடும் முன் சேஸி எண்ணைக் கேட்டு வாங்கி, பகலில் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். காட்ட மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.